கடலூர் வெயிலுக்குத் தாக்குப்பிடித்த வாசனைகள், அழகுப் பொருட்கள், உடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். தினமும் பேருந்தில் போய்வருகிறேன். சமீப காலமாக நான் விரும்பிப் பூசிக்கொள்வதையும் உடுத்திக்கொள்வதையும் பார்த்துவிட்டு, உடன் வேலை செய்பவர்களும் சித்தி, பெரியம்மா வீட்டுப் பெண்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. எல்லாமே சொந்தக் காசில் வாங்கியவை. எந்த நிறுவனத்திடமும் பணமோ இலவசப் பொருளோ வாங்கவில்லை.

எதை வைத்து ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

விலை, பெயர், விளம்பரம் எல்லாம் அப்புறம். முதலில் நம்ம ஊர் புழுக்கம். சித்திரை, வைகாசியில் இங்கே வெயிலை விடக் காற்றில் இருக்கும் ஈரம்தான் ஆளைப் படுத்தும். ஊறுகிற வியர்வை ஆவியாகாமல் அப்படியே உடம்பில் நிற்கும். அதனால்தான் பெங்களூரில் இருப்பவர்கள் புகழ்கிற கிரீம் இங்கே நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்குகிறது. ஏசி அறையில் மணக்கிற சென்ட், நேரு வீதியில் நடக்கும்போது தலைவலியைக் கொடுக்கிறது. அதோடு உப்புக் காற்று வேறு. கவரிங் நகை, பையின் கொக்கி, ஜிப் என்று உலோகம் எதையும் அது விட்டுவைப்பதில்லை.

ஆகவே என் கணக்கு எளிமையானது. மே மாதத்தில், மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், அந்தப் பொருள் உடம்பில் எப்படி இருக்கிறது? நன்றாக இருந்தால் வைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

இப்போதைக்கு ரொம்பப் பிடித்த வாசனை எது?

வெட்டிவேர். யோசிக்காமல் சொல்வேன்.

கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் போனால் கடலோர மணலில் வெட்டிவேர்க் கொல்லைகளைப் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது உயரமாக வளர்ந்த வெறும் புல். சரக்கு முழுவதும் மண்ணுக்குள்ளே இருக்கிறது. நட்டு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத் தோண்டுவார்கள். மணல் பூமி என்பதால் வேர் அறுபடாமல் நீளமாக வந்துவிடும். களிமண்ணாக இருந்தால் பாதி உள்ளேயே தங்கிவிடும். தோண்டிய வேரை உதறி, அலசி, காயவைத்துக் கட்டாகக் கட்டுவார்கள். அதில் ஒரு பங்கு நாட்டு மருந்துக் கடைக்கும், மாலை, விசிறி, தட்டி செய்பவர்களுக்கும் போகும். இன்னொரு பங்கு எண்ணெய்க்குப் போகும்.

அந்த எண்ணெய் லேசில் கிடைப்பதில்லை. வேரை நறுக்கிப் பெரிய பாத்திரத்தில் அடைத்து, மணிக்கணக்காக நீராவி விட்டுக் காய்ச்சி இறக்க வேண்டும். நூறு கிலோ காய்ந்த வேரில் ஒரு கிலோ அளவுக்குத்தான் எண்ணெய் வரும். வருவதும் தேன் நிறத்தில், கெட்டியாக, குப்பியைச் சாய்த்தால் மெதுவாக நகரும். அதன் மூலக்கூறுகள் கனமானவை, சீக்கிரம் ஆவியாகாது. சென்ட் தயாரிப்பவர்கள் மற்ற வாசனைகளைப் பிடித்து நிறுத்துவதற்காகவே வெட்டிவேர் எண்ணெயை அடியில் சேர்ப்பார்கள். நமக்கும் அதுதான் வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைகள் நம் வெயிலில் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் பறந்துவிடும். வெட்டிவேர் சாயங்காலம் வரை இருக்கும்.

வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டால், ஒரு கட்டு வேரை எடுத்து முதலில் காய்ந்தபடியே முகர்ந்து பாருங்கள். மரப்பெட்டியைத் திறந்தது போன்ற, லேசாகப் புகை கலந்த வாசனை வரும். அப்புறம் அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் விட்டு முகருங்கள். இப்போது ஈர மண்ணும், அதற்குள் எங்கோ ஒரு எலுமிச்சைத் தோலும் தெரியும். ஒரே வேர்தான், தண்ணீர் பட்டதும் வேறு ஆளாகிவிடுகிறது. வியர்க்கிற உடம்பில் அது எடுபடுவதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

குளித்துவிட்டு வந்ததும், தோலில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே ஒரு சொட்டு அத்தரை இரண்டு மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் வைத்துக்கொள்வேன். கைக்குட்டை மூலையிலும் கொஞ்சம். அவ்வளவுதான். புதிதாக வாங்குபவர்கள் ஒரு நாள் முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லை என்றால் மட்டும் தொடருங்கள்.

வெட்டிவேர் ஆண்களுக்கான வாசனை இல்லையா?

கடைக்காரர்கள் அப்படித்தான் அலமாரியைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரான்சில் கெர்லான் நிறுவனத்தின் வெட்டிவர், ஹெர்மெஸ் நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த தேர் தெர்மெஸ் போன்றவை ஆண்களுக்கென்று விற்கப்படுவதால் வந்த எண்ணம் அது. நம் வீடுகளில் வெட்டிவேர் எப்போதும் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்திருக்கிறது. குடிதண்ணீர்ப் பானையில் போட்டார்கள், சீயக்காயோடு அரைத்தார்கள், பிள்ளைகளின் குளியல் பொடியில் சேர்த்தார்கள். எனக்கு அது பருத்திப் புடவையோடு சேர்கிற மாதிரி வேறு எந்த வாசனையும் சேர்வதில்லை.

வெட்டிவேர் அத்தர் அசலா, கலப்படமா என்று எப்படிப் பார்ப்பது?

வெள்ளைத் தாளில் ஒரு துளி தொட்டு வைத்துவிட்டு மறுநாள் முகருங்கள். அசல் எண்ணெய் மறுநாளும் மணக்கும், வாசனையும் முதல் நாளை விட மென்மையாகியிருக்கும். கலப்படம் முதலில் மூக்கில் குத்திவிட்டு, பிறகு ஒன்றுமே இல்லாமல் போய்விடும், அல்லது வெறும் எண்ணெய்ப் பிசுக்கு வாசனை மிஞ்சும். மலிவு அத்தர்களில் சந்தன எண்ணெய்க்குப் பதிலாகத் திரவ பாரஃபினை அடியாக ஊற்றுகிறார்கள்.

பச்சை நிறம் பார்த்து வாங்காதீர்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சுவதால் அங்கே வரும் எண்ணெய்க்கு இயற்கையிலேயே ஒரு பச்சைச் சாயல் உண்டு. ஆனால் பாட்டில் சர்பத் மாதிரிப் பளிச்சென்று பச்சையாக இருந்தால் அது கலர் பொடி.

பாட்டில் சென்ட் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

லேபிளில் ஓ டி கொலோன், ஓ டி துவாலெத், ஓ டி பர்ஃபம் என்று மூன்றில் ஒன்று இருக்கும். கொலோனில் வாசனை எண்ணெய் ஏறக்குறைய 2 முதல் 5 சதவீதம், துவாலெத்தில் 5 முதல் 15, பர்ஃபமில் 15 முதல் 20. நம் ஊரில் பகலுக்கு துவாலெத் போதும். பர்ஃபம் என்றால் ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும், அதுவும் உடைக்கு உள்ளே. உடம்புச் சூட்டில் வாசனை வேகமாக எழும். நாம் இருப்பது ஜன்னலெல்லாம் மூடிய மழைநாள் பேருந்தாக இருந்தால், பக்கத்தில் நிற்கிற கர்ப்பிணிப் பெண்ணுக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் அது பெரிய தொல்லை. இதை நான் ரொம்பவே முக்கியமாக நினைக்கிறேன்.

இன்னொன்று. கழுத்தில் அடித்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். பெர்கமாட் போன்ற சில சிட்ரஸ் எண்ணெய்களில் வெயில் பட்டால் தோலைக் கறுக்க வைக்கும் பொருள் உண்டு. இப்போது பெரிய நிறுவனங்கள் அதை நீக்கிவிட்டே பயன்படுத்துகின்றன. ஆனால் வீதியோரத்தில் அளந்து ஊற்றித் தருகிற சென்ட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

அக்கா, மல்லிப்பூ வாசனை அப்படியே வருகிற சென்ட் ஏதாவது இருக்கிறதா?

அப்படியே என்றால் இல்லை. நெருங்கி வருபவை இருக்கின்றன. டியோர் நிறுவனம் 1999-ல் வெளியிட்ட ஜடோர் மல்லிகையைச் சுற்றிக் கட்டிய வாசனைதான். ஆனாலும் நம் ஊர் குண்டுமல்லி வேறு ஜாதி.

காரணம் இதுதான். மல்லியை மொட்டாகக் காலையில் பறிக்கிறார்கள். அது சாயங்காலம்தான் விரியும். விரிய விரிய வாசனை மாறிக்கொண்டே போகும். பெரிய மார்க்கெட்டில் மதியம் வாங்கிய சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டால், நாலு மணிக்கு ஒரு பச்சை வாசனை, ஏழு மணிக்குத் தித்திப்பு, ராத்திரி கழற்றும்போது போதையான ஒரு கனம். அந்தக் கனத்துக்கு இண்டோல் என்ற பொருள் காரணம். தனியாக முகர்ந்தால் நாற்றம்தான், மல்லியில் துளியளவு இருக்கும்போது அதுதான் உயிர். சென்ட்டில் இந்த மூன்று நேரத்தையும் ஒன்றாகக் கலந்து தருகிறார்கள். நம் தலையில் அது ஒவ்வொன்றாக வருகிறது.

சத்தியமங்கலம், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளில் மல்லியையும் ஜாதிமல்லியையும் கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற சாறெடுத்து, வெளிநாட்டு சென்ட் நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். ஆக அந்த விலையுயர்ந்த பாட்டிலிலும் நம் பூ இருக்கக்கூடும். எனக்குச் சரமே போதும். தோலில் வெட்டிவேர், தலையில் ஒரு முழம் மல்லி, நடுவில் இரண்டு இணுக்கு மருக்கொழுந்து. இதற்கு மேல் சென்ட் வேண்டியதில்லை. மார்கழியில் மல்லி விலை ஏறிப்போகும்போது ஜாதிமல்லியோ, வெறும் மருக்கொழுந்தோ. கனகாம்பரம் கண்ணுக்கு அழகு, வாசனைக்கு ஒன்றும் செய்யாது.

மண் வாசனை அத்தர் என்று ஒன்று விற்கிறார்களே, அது நிஜமா?

நிஜம்தான். கன்னோஜில் சுட்ட களிமண்ணைச் செம்புப் பாத்திரத்தில் தண்ணீரோடு காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிச் செய்கிறார்கள். முதல் மழைக்கு மண் மணப்பதற்கு, மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் ஒரு முக்கியக் காரணம். மனித மூக்கு அதை மிக மிகக் குறைந்த அளவிலும் கண்டுபிடித்துவிடும். ஒரு சின்னக் குப்பி வாங்கி வைத்திருக்கிறேன். ஆடி, ஆவணியில் சாயங்கால மழை வருமா வராதா என்று இருக்கிற நாட்களில் எடுத்துப் பூசிக்கொள்ளப் பிடிக்கும்.

ஊதுபத்தி?

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ஆரோஷிகா, ஆரோவில்லின் மரோமா இரண்டும் வீட்டில் இருக்கும். சாமி அறைக்குச் சந்தனம், கூடத்துக்கு வெட்டிவேர். ஒரே நேரத்தில் இரண்டு பத்தி ஏற்றாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சன்ஸ்கிரீன் அவசியமா? நாங்கள் எல்லாம் போடாமலேதான் வளர்ந்தோம்.

இதைக் கேட்காத பெரியம்மா கிடையாது. அவசியம்தான். நம் பக்கம் கோடையில் புற ஊதாக் குறியீடு 10-ஐத் தாண்டுவது சாதாரணம். கறுத்த தோல் எரிந்து சிவப்பது குறைவு, அது உண்மை. ஆனால் மங்கு, பரு போன இடத்துத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை ஆகியவை வெயில் பட்டால் நமக்குத்தான் அதிகமாகத் தங்கும். பேருந்தில் கண்ணாடி மூடிய ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரைப் பெருமளவு தடுக்கும், ஏ கதிரை விட்டுவிடும். கருமையைக் கொண்டுவருவதில் அந்த ஏ கதிருக்குப் பெரிய பங்கு உண்டு.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். எஸ்.பி.எஃப். என்பது பி கதிருக்கான அளவு. 30 என்றால் ஏறக்குறைய 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. ஆக 100 என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பி.ஏ. என்று போட்டு அருகே கூட்டல் குறிகள் இருக்கும், அது ஏ கதிருக்கு. மூன்று அல்லது நான்கு கூட்டல் இருப்பதை எடுங்கள்.

அளவுதான் எல்லாரும் கோட்டை விடுகிற இடம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். பொட்டு வைக்கிற அளவு எடுத்துத் தேய்த்தால் டப்பாவில் போட்டிருக்கிற எண் உங்களுக்குப் பொருந்தாது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். வெள்ளிக் கடற்கரையில் தண்ணீரில் இறங்கினால் ஏறியதும் பூச வேண்டும்.

நான் இப்போது பயன்படுத்துவது ரீக்வில் நிறுவனத்தின் அல்ட்ரா மேட் டிரை டச், எஸ்.பி.எஃப். 50. வெள்ளை படராது, பிசுபிசுக்காது, அதன் மேல் பவுடர் போட்டாலும் திரளாது. வறண்ட தோல்காரர்களுக்கு அது இழுப்பது போல இருக்கலாம். அவர்கள் அடியில் ஏதாவது லேசான ஈரப்பதக் கிரீம் போட்டுக்கொள்ளலாம். ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ளவை நம் நிறத்துக்குச் சாம்பல் பூசியது மாதிரி ஆகிவிடுகின்றன. மங்கு இருப்பவர்கள் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் ஓரளவு தடுக்கும்.

முகத்துக்கு சோப்பா, ஃபேஸ் வாஷா, நலங்கு மாவா?

வேலைநாளில் சாதாரண ஃபேஸ் வாஷ், ஞாயிற்றுக்கிழமை நலங்கு மாவு. அதைக் கடையில் வாங்குவதில்லை. பச்சைப்பயறு பாதிக்கு மேல், மீதியில் பூலாங்கிழங்கு, கார்போகரிசி, ஆவாரம்பூ, காய்ந்த பன்னீர் ரோஜா இதழ், கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள், கடைசியாக ஒரு பிடி நறுக்கிய வெட்டிவேர். வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து மில்லில் அரைத்து வருவேன். நாட்டு மருந்துக் கடையில் எல்லாமே கிடைக்கும்.

அரைத்ததை மெல்லிய துணியில் சலிப்பதுதான் முக்கியம். வெட்டிவேர் நாரும் ஆவாரம்பூத் திப்பியும் முகத்தில் கீறும். சலித்ததை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் மைதா மாதிரி வழுக்க வேண்டும், நெருடினால் இன்னொரு தடவை சலியுங்கள். நெருடுகிற திப்பியை வீணாக்காமல் கை, கால் முட்டிக்குத் தனியாக எடுத்து வைக்கலாம். முகத்தில் போட்டுக் காய்ந்து விரியும் வரை உட்கார்ந்திருக்காதீர்கள், ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள். சீழ் வைத்த பரு இருந்தால் மாவு பக்கமே போகாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கண்மை கரையாமல் இருக்க என்ன வழி?

ஐடெக்ஸ் கண்மைதான் எனக்குப் பழக்கம். சென்னையின் அரவிந்த் லேபரட்டரீஸ் 1938-ல் தொடங்கியது. மை போட்ட பிறகு கீழ் இமைக்கு வெளியே, மெல்லிய பிரஷ்ஷில் துளி டால்கம் பவுடர் தொட்டு ஒரு தீற்றல். எண்ணெய்ப் பசையை அது வாங்கிக்கொள்ளும், மை பரவாது. பெயர் தெரியாத சுர்மாவை வாங்க வேண்டாம். பலவற்றில் ஈயம் இருக்கும். குழந்தைகளுக்கு எந்த மையும் கண்ணுக்குள் வேண்டாம், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு போதும்.

லிப்ஸ்டிக்கில் செங்கல் நிறமும், நாவல்பழ நிறமும்தான் மாற்றி மாற்றி. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வெளிர் ரோஸ் சுண்ணாம்பு மாதிரித் தெரியும் என்பது என் கருத்து. பிடித்தால் போடுங்கள்.

கல்யாண சீசனில் கறுப்பு மெஹந்தி போடலாமா?

வேண்டாம். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மருதாணி இலைக்குக் கறுப்பு நிறம் கிடையாது. அது தரும் நிறம் ஆரஞ்சிலிருந்து கரும்பழுப்பு வரைதான். உடனே கறுக்கிற கோனில் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். அது கொப்புளம், தழும்பு வரை கொண்டுபோகும், வாழ்நாள் முழுக்க ஒவ்வாமையும் தங்கலாம். தோட்டத்து இலையை அம்மியில் அரைத்து, இரவு வைத்துக் காலையில் உதிர்த்துவிட்டு, அன்று முழுவதும் சோப்புத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் மறுநாள் நன்றாகச் சிவந்திருக்கும்.

வேலைக்கு என்ன உடுத்துகிறீர்கள்? கசங்காமல் இருக்கிறதே?

கசங்கும். கசங்குகிற துணிதான் காற்று விடும். பாலியஸ்டர் கலந்தது கசங்காமல் இருக்கும், உள்ளே நாம் வெந்துபோவோம்.

சமீபத்தில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது குறிஞ்சிப்பாடிக் கைலித் துணி. வடலூருக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர், கைத்தறிக் கைலிக்குப் பெயர்போனது. நம் வீட்டு ஆண்கள் எல்லாரும் கட்டியதுதான், அதை யாரும் தைத்துப் போடுகிற துணியாகப் பார்த்ததில்லை. நான் இரண்டு கைலி வாங்கி, தெருமுனைத் தையல்கார அக்காவிடம் கொடுத்து முழுநீளப் பாவாடையும் அரைக்கை மேல்சட்டையும் தைத்துக்கொண்டேன். கட்டம் நேராக வருகிற மாதிரி வெட்டச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பக்கத் தையலில் கோடு கோணலாக நிற்கும். முதல் சலவைக்கு முன் விறைப்பாக இருக்கும், போகப் போகப் பஞ்சாகிவிடும். தைக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும், சாயம் போவதும் தெரிந்துவிடும்.

புடவை என்றால் நூல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 40, 60, 80, 100 என்று சொல்வார்கள். எண் கூடக் கூட நூல் மெலிது. எனக்கு வேலைக்கு 80 சரியாக இருக்கிறது. செட்டிநாட்டுக் கட்டம் மாதிரிக் கனமான புடவைகளைத் தை, மாசியில் எடுத்துக்கொள்வேன். கஞ்சி லேசாக. கெட்டிக் கஞ்சி வியர்வையில் ஊறிப் பசையாகிவிடும்.

அந்த நீல நிறக் குர்தா எங்கே வாங்கினீர்கள்?

ஆரோவில்லில், இயற்கைச் சாயத் துணி. அதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, ஏனென்றால் அந்த நீலம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது செங்கல் தொட்டிகள் கிடைத்தன. துணிக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகளாக இருக்கலாம் என்று அவர் கருதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரிச் செடியின் சாயத்தில் தோய்த்த நீலத்துணி, கினே என்ற பெயரில், கப்பல் ஏறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே பிசினுக்குப் பண்டமாற்றாகவே அந்தத் துணியைக் கொடுத்தார்கள். அதன் பிறகு 1898-ல் வந்த ஏ.எஃப்.டி. துணி ஆலை ஒரு நகரத்துக்கே சோறு போட்டது. இப்போது அது மூடிக்கிடப்பதை முதலியார்பேட்டை பக்கம் போகும்போதெல்லாம் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். சாயத்தொட்டியில் தோய்த்த துணியை வெளியே தூக்கும்போது அது நீலமாக இருக்காது, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்ட நொடியிலிருந்து, ஓரத்தில் தொடங்கி, கண் முன்னாலேயே நீலமாக மாறும். மறுபடி முக்கு, மறுபடி காற்று. எத்தனை தடவை முக்குகிறார்களோ அவ்வளவு ஆழமான நீலம். அதனால்தான் கருநீலத்துக்கு விலை கூடுதல்.

முதல் சில சலவைகளைத் தனியாகப் போடுங்கள், வெயிலில் காயவைக்காமல் நிழலில் போடுங்கள். புதிதாக இருக்கும்போது வெள்ளை உள்பாவாடையோ வெளிர் நிறப் பையோ வேண்டாம், உரசினால் ஒட்டும்.

பை, நகை, மற்ற சில்லறைகள்?

பை ஹைடிசைன். 1978-ல் புதுச்சேரியில் தொடங்கிய நிறுவனம். மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருட்களில் பதனிட்ட தோலுக்குப் பெயர் பெற்றது. இப்படிப் பதனிட்ட தோல் பழகப் பழக நிறம் ஆழமாகும். கைபடுகிற வாரில் அந்த மாற்றம் முதலில் தெரியும். விலை அதிகம்தான், தள்ளுபடி நேரத்தில் வாங்குங்கள்.

காதுக்கு வில்லியனூர் சுடுமண் தோடு. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. உப்புக் காற்றில் கறுக்காத நகை அதுதான். வண்ணம் பூசியதை விடச் சுட்ட நிறத்திலேயே இருப்பதை எடுங்கள், வியர்வையில் உரிய ஒன்றும் இருக்காது.

கைக்குட்டை, ரொமேன் ரோலண்ட் வீதியில் உள்ள குளூனி எம்பிராய்டரி மையத்தில். கன்னியாஸ்திரிகள் நடத்தும் இடம், பெண்கள் உட்கார்ந்து கையால் பூவேலை செய்கிறார்கள். மூலையில் ஒரு சின்னப் பூ, பின்பக்கம் திருப்பினாலும் முடிச்சு தெரியாது. கல்யாணப் பரிசாகக் கொடுக்க இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் இவற்றை எப்படிப் பாதுகாப்பது?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் பக்கம் அலமாரிக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். தோல் பையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாதீர்கள், பழைய பருத்தித் தலையணை உறையில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமும் கசக்கிய செய்தித்தாளும் வையுங்கள். சென்ட்டையும் அத்தரையும் குளியலறையில் வைக்க வேண்டாம். இருட்டான, சூடு இல்லாத இடம் வேண்டும், பீரோவின் அடித்தட்டு நல்லது. நலங்கு மாவில் ஈரக் கரண்டி பட்டால் வண்டு விழும், சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள்.

புடவை அடுக்குக்கு நடுவே ஒரு பிடி வெட்டிவேரை மல் துணியில் முடிந்து வைப்பேன். மாதத்துக்கு ஒரு தடவை வெயில் கண்டால் எடுத்துக் காயவைப்பேன். வாசனை தளர்ந்ததும் அந்த வேரைத் தூக்கிப் போடாமல், நறுக்கித் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் தலைக்குத் தேய்க்கலாம்.

கிடைக்காமல் இன்னும் தேடிக்கொண்டிருப்பது எது?

இரண்டு. ஒன்று நல்ல தாழம்பூ வாசனை. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் தாழம்பூவைக் காய்ச்சி எடுக்கிறார்கள், ஆனால் இங்கே கடைகளில் கிடைப்பவை பிரியாணிக்குப் போடுகிற எசன்ஸ் மாதிரியே இருக்கின்றன. இன்னொன்று பாதிரிப் பூ. திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலின் தல மரம் பாதிரி. இத்தனை அருமையான வாசனையை யாரும் குப்பியில் அடைத்து நான் பார்த்ததில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ யாராவது சிறிய அளவில் பூ வாசனை எடுக்கிறவர்கள் இருந்தால் இதை ஒரு தடவை முயன்று பார்க்க வேண்டும். முதல் குப்பியை நானே வாங்கிக்கொள்வேன்.